நடு சோபாவும் சுவரோர நாற்காலியும்

எங்கள் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிற அக்காவைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் என்னிடம்தான் குனிந்து கேட்பார்கள், "இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்று. நான் டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் இருக்கிறேன். அக்காவின் அறை எனக்கு நேர் பின்னால். பதினான்கு வருடப் பழக்கம். கதவைச் சாத்துகிற விதத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் நல்ல சேதி இருக்காது.

சிடுமூஞ்சி என்பார்கள், ராங்கி என்பார்கள், கிட்டப் போனால் கடிக்கும் என்றுகூட ஒரு வார்டு பையன் சொல்லி அடி வாங்கினான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அப்படி இல்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதி எனக்கு வந்துவிடும். அவரை இப்படி ஆக்கியது இரண்டு ஆம்பளைகளும் நான்கு மரப்பெட்டிகளும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் அக்காவின் வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறை, நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய நோயாளி, இந்தப் பக்கம் மெஷினோடு அக்கா. "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க, கேக்கலன்னா சும்மா இருங்க." அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில்தான் மனிதர்கள் எத்தனை பொய் சொல்வார்கள்! காது கேட்காததை மறைத்து வேலைக்குப் போக நினைக்கிற டிரைவர். நன்றாகக் கேட்கிற காதை மந்தம் என்று எழுதி வாங்கப் பார்க்கிறவர். மருமகள் பேச்சு மட்டும் காதில் விழாத மாமியார். அக்கா எல்லாரையும் பிடித்துவிடுவார். சத்தமே கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்பதாக நடிக்கிறவர் அப்போதும் பட்டன் அழுத்துகிறாரா, தீர்ந்தது கதை. "எங்கிட்ட வந்து காதைப் பத்திப் பொய் சொல்றதா?" என்பார். கோபமாக இல்லை. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் சர்வீஸ் மெக்கானிக். அண்ணன் சமையலறை அலமாரி செய்கிறவர், ப்ளைவுட் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், ஸ்பீக்கர். கல்யாணமே அதில்தான் நடந்தது. ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்து தரச் சொல்லி பட்டறைக்கு வந்த மெக்கானிக், தங்கையைப் பார்த்துவிட்டுப் போனார். "பெட்டி கேட்டு வந்தவன் பொண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டான், பெட்டி இன்னும் பட்டறையிலேயே கிடக்கு" என்று அக்காவின் அம்மா கிண்டல் பண்ணுவாராம். மச்சானும் மாப்பிள்ளையும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள்.

இவர்கள் பைத்தியம் சாதாரண ஸ்பீக்கரில் இல்லை, ஹார்ன் ஸ்பீக்கரில். கம்பத்தில் கட்டிக் காதைக் கிழிப்பார்களே, அந்தக் குழாய் இல்லை. வீட்டுக்குள் வைப்பது. தூரத்தில் இருக்கிறவனைக் கூப்பிட வாயருகே கையைக் குவித்துக் கத்துகிறோம் இல்லையா, அதே தத்துவம். ஸ்பீக்கருக்கு ஒரு புனலைக் கட்டிவிட்டால் சின்னச் சத்தமும் பெரிதாக வெளியே வரும். ஆனால் பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கு அந்தப் புனல் ஆள் உயரத்தைத் தாண்டி நீளமாக இருக்க வேண்டும். அதை எந்த வீட்டில் வைப்பது? அதனால் குடலை மடித்து வயிற்றுக்குள் வைத்த மாதிரி புனலை மடித்து மடித்துப் பெட்டிக்குள் அடக்குவார்கள். பெட்டியை அறை மூலையில் ஒட்டி வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து புனலின் மிச்ச வாயாகிவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அக்கா வருடக்கணக்கில் திட்டித் திட்டியே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் ஒரு ஜோடி வாங்கினார். இடுப்பு உயரம், யாரோ வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. நான்கு மாதம் ராவித் தேய்த்து ஒட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு ஜோடி செய்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் இறக்கினார். வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது. நான்கு பேர் பிடித்து, படிக்கட்டு வளைவில் சுவரைச் சுரண்டி, மேலே ஏற்றினார்கள்.

எது பேஸ் அதிகம், உன்னுடையதா என்னுடையதா? கேள்வி அதுதான். ஒவ்வொரு ஜோடியையும் அதே இரண்டு மூலைகளில் மாற்றி மாற்றி வைத்து, ஒரே பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். வீட்டுக்காரர் தன் வழக்கமான இடத்தில், அறை நடுவில் இருந்த சோபாவில் உட்கார்ந்தார். அண்ணன் பெட்டி தூக்கிய களைப்பில், பின்பக்கச் சுவரோரம் கிடந்த நாற்காலியில் சாய்ந்தார். அக்கா சமையலறையில் இருந்தார்.

"பாத்தியா மச்சான்? உன் பெட்டியில அடிச்சத்தமே இல்லையே. சும்மா காத்துதான் வருது" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லையா? முதுகெலும்பு வரைக்கும் ஆடுது மாப்ள! உன்னோடதுதான் தீப்பெட்டியத் தட்டுற மாதிரி இருக்கு."

"விளையாடாத. உண்மையச் சொல்லு."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நாலு மாசம் உழைச்சேன்னு மனசு கேக்க மாட்டேங்குது. அதான் இல்லாதது கேக்குது உனக்கு."

திரும்பப் போட்டார்கள். மறுபடியும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அதே பதில். மூன்றாம் தடவை பாட்டு முடிவதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. "பொய்யன்" என்றார் ஒருவர். "காது அவிஞ்சவன்" என்றார் மற்றவர். "நீ செஞ்சது ஸ்பீக்கர் இல்ல, சவப்பெட்டி" என்று வீட்டுக்காரர் சொல்ல, "உனக்கெல்லாம் பொண்ணு குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று அண்ணன் சொல்ல, அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தபோது இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

"அவன் மன்னிப்புக் கேக்குற வரைக்கும் இந்த வாசப்படி ஏற மாட்டேன். பெட்டிய நீங்களே வச்சு எரிங்க" என்று அண்ணன் இறங்கிப் போனார். அதோடு ஒன்பது வருடம்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அக்கா இதை என்னிடம்கூட இரண்டு வருடம் சொல்லவில்லை. நான் சிரித்தேன். "சிரி, சிரி. உன் வீட்டுல நடந்தா தெரியும்" என்றார்.

அண்ணனின் பெட்டிகளைத் தூக்கி எறிய வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. "அது சாட்சி. நாளைக்கு நாலு பேர் வந்து கேட்டு, யார் பொய்யன்னு சொல்லட்டும்." அந்த நாலு பேர் வரவே இல்லை. பெட்டிகள் பின்னறைக்குப் போயின. அந்த அறையில்தான் அக்காவின் அம்மா இருந்தார். அண்ணனின் மனைவி இறந்த பிறகு அம்மா மகள் வீட்டோடு வந்துவிட்டார். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெட்டி, கால்மாட்டில் ஒரு பெட்டி. மாத்திரை டப்பா, தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி எல்லாம் மகன் செய்த பெட்டி மேல்தான் இருக்கும்.

மகன் மட்டும் மேலே வர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவில் வந்து நிற்பார். அம்மா பால்கனிக்கு வருவார். "சாப்பிட்டியா?" "ம்." "மூட்டு வலி எப்படி?" "அப்படியேதான்." இதை இரண்டு மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். தெருவே பார்க்கும். வீட்டுக்காரர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "மேல கூப்பிடுங்களேன்" என்று அக்கா கெஞ்சினால், "நான் வராதன்னு சொன்னேனா? கதவு திறந்துதான் இருக்கு" என்பார். கீழே போய் அண்ணனிடம் கெஞ்சினால், "அவன் வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, பறந்து வரேன்" என்பார். ஒன்பது வருடத்தில் அந்த மாடிப்படியை அக்கா எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்பார் என்று கணக்கில்லை. போகப்போக கெஞ்சல் போய் ஏச்சு வந்தது. அந்த ஏச்சு ஆஸ்பத்திரிக்கும் வந்தது.

கடைசி வருடம் அம்மாவால் எழுந்து நடக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவரை நாற்காலியோடு இழுத்துப் பால்கனிக் கம்பி வரை கொண்டுபோவார். அதுவும் முடியாமல் போனபோது அண்ணன் தெருவில் நின்றபடி போன் பண்ணுவார். ஒரே மகன், இருபத்தெட்டு படிக்கட்டுக்குக் கீழே நின்று, "அம்மா, நான் வந்திருக்கேன்மா" என்று போனில் சொல்வார். அம்மா போய்ச் சேர்ந்த அன்றும் அவர் கீழேதான் நின்றார். உடலைக் கீழே கொண்டுவந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

அது நடந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலை. வீட்டுக்காரர் புதிதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பாட்டு எதுவும் இல்லாமல் 'ம்ம்ம்' என்று ஒரே ஒரு அடிச்சத்தத்தை மட்டும் ஓடவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகப் போன். சத்தத்தை நிறுத்தாமலே கிளம்பிப் போய்விட்டார். அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். பின்சுவர் பக்கம் துடைக்கும்போது பல் கூசுகிற மாதிரி அந்த 'ம்ம்ம்'. துடைத்துக்கொண்டே சோபா அருகே வந்தார். சத்தம் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதா என்று நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் சுற்றுகிறது. ஒரு எட்டு பின்னால் வைத்தார். சத்தம் வந்தது. இரண்டு எட்டு, இன்னும் பெரிதாக வந்தது. மறுபடி நடுவே போனார். இல்லை.

ஒரு கயிற்றைச் சுவரில் கட்டி ஆட்டினால் நடுவில் ஒரு இடம் மட்டும் அசையாமல் நிற்குமே, அப்படித்தான். நான்கு சுவருக்குள் அடிச்சத்தம் போய்த் திரும்பிவரும்போது, சில இடத்தில் இரட்டிப்பாகும், சில இடத்தில் செத்துப்போகும். அந்த அறையில் மிக ஆழமான சத்தம் செத்துப்போகிற இடம் நட்டநடு சோபா. அது கொழுத்து நிற்கிற இடம் பின்சுவர் நாற்காலி.

மறுநாள் அக்கா என் ஜன்னலுக்குள்ளே தலையை விட்டுச் சொன்னார். "ரெண்டு பேரும் பொய் சொல்லலடி. அண்ணன் பெட்டி ஆழமாப் போகும், அது நடுவுல கேக்காது. இவர் பெட்டி அவ்வளவு ஆழம் போகாது, ஆனா நெஞ்சுல இடிக்கிற குத்து ஜாஸ்தி, அது நடுவுல நல்லாக் கேக்கும். அவங்கவங்க உக்காந்த இடத்துல அவங்கவங்களுக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு."

"நல்லதாப் போச்சே அக்கா! ரெண்டு பேரையும் சேத்து வச்சிடலாம்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சேத்து வைக்கிறதா? நிரூபிக்கணும்" என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டார். "உன் பெட்டி ரெண்டையும் ஞாயித்துக்கிழமை உடைச்சு வெறகாக்கப் போறேன். வேணும்னா மேல ஏறி வந்து எடுத்துக்கோ." வைத்துவிட்டார். ஒன்பது வருடமாகக் கெஞ்சலுக்கு அசையாதவர், இந்த மிரட்டலுக்கு அலறியடித்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு ஏறாத படிக்கட்டைப் பெட்டிக்காக ஏறினார். அதை அக்கா கவனித்ததை நானும் கவனித்தேன்.

நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி இன்ஜினியரிடம் கேட்டு ஒரு சத்தம் அளக்கும் மீட்டர் வாங்கிவந்திருந்தோம். பின்னறைப் பெட்டிகளையும் அக்கா கூடத்துக்கு இழுத்துவந்து, நான்கையும் மூலைக்கு இரண்டாக வைத்திருந்தார். நான் வந்ததும் முதல் வேலையாக அவற்றின் முன்னால் கொடி கட்டிப் போர்வை போட்டு மறைத்தோம். எந்த ஜோடி பாடுகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. சத்தக் குமிழை லேசாகத் திருப்பினாலே அண்ணன் பெட்டி கத்தும், வீட்டுக்காரர் பெட்டிக்குக் கொஞ்சம் அதிகம் திருப்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவில் கேட்க, மீட்டரைப் பார்த்துக் குமிழில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்தார் அக்கா. போர்வைக்குப் பின்னால் ஒயரை மாற்றுவது என் வேலை.

வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். நாற்காலியில் மச்சான்! பையைக் கீழே போட்டார்.

"இந்த ஆளை யாரு உள்ள விட்டது?"

"நான்தான். உக்காருங்க."

"இவன் கூட ஒரே அறையிலயா?"

"உக்காருங்கன்னு சொன்னேன்." நோயாளிகளிடம் பேசுகிற அதே குரல். உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் சோபாவில், அண்ணன் சுவரோரம். அக்கா ஆளுக்கொரு அட்டையும் பேனாவும் கொடுத்தார். "பேசக் கூடாது. முதல் தடவை அடிச்சத்தம் அதிகமா, ரெண்டாம் தடவை அதிகமா, எழுதுங்க." மூன்று சுற்று. நான் மாற்றி மாற்றி ஒயரைச் செருகினேன். எழுதி முடித்ததும், "இப்ப இடம் மாறி உக்காருங்க" என்றார்.

"எதுக்கு?"

"மாறுங்க."

மறுபடி மூன்று சுற்று. முதல் சுற்றிலேயே வீட்டுக்காரரின் பேனா நின்றுவிட்டதை நான் போர்வை இடுக்கில் பார்த்தேன். சுவரோரம் உட்கார்ந்தவர், தரைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி குனிந்து பார்த்தார். சோபாவில் இருந்த அண்ணன் கழுத்தை நீட்டி நீட்டிக் கேட்டுவிட்டு, காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார்.

அக்கா அட்டைகளை வாங்கி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சோபாவில் உட்கார்ந்து எழுதியது இரண்டும் ஒன்று, வீட்டுக்காரர் பெட்டிக்கு ஓட்டு. சுவரோரம் உட்கார்ந்து எழுதியது இரண்டும் ஒன்று, அண்ணன் பெட்டிக்கு ஓட்டு. ஒரு எழுத்து மாறவில்லை. போர்வையை இழுத்துப் போட்டார்.

அப்புறம் அண்ணன் எழுந்தார். சோபாவிலிருந்து சுவருக்கு நடந்தார், சுவரிலிருந்து சோபாவுக்கு நடந்தார். "டேய் மாப்ள... இங்க இல்லடா! சுத்தமா இல்ல! இங்க வந்து நில்லு!" வீட்டுக்காரர் ஓடி வந்து நின்றார். "ஆமா மச்சான்! அட ஆமா! ஒரு அடி தள்ளுனா வருது பாரு!" இருவரும் தலையைத் தாழ்த்தி உயர்த்தி, மூலை மூலையாகக் காதை வைத்து, தரையில் படுத்துக்கூடப் பார்த்தார்கள். சிரிப்பு வேறு. தோளில் கை போட்டாயிற்று.

"அப்போ நீ பொய் சொல்லல!"

"நீயும் சொல்லல மாப்ள! ரெண்டு பேர் காதும் தங்கம்!"

"உன் பெட்டியோட ஆழத்தையும் என்னோட குத்தையும் சேத்தா எப்படி இருக்கும்?"

"சேக்கலாம்டா. புதுசா ஒரு ஜோடி அடிப்போம். பட்டறையில பலகை கிடக்கு."

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது வருடத்தைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள், தரையில் கொட்டிய தண்ணீரைத் துடைப்பது போல. நான்கூட சிரித்துவிட்டேன். திரும்பினால் அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார், "ஏய், மச்சான் எவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்கான். ஒரு டீ போடேன்."

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார் அக்கா.

விளையாட்டு என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. வெளிய போங்கன்னேன்."

"என்ன புள்ள, நீதானே சேத்து வச்ச?" என்றார் அண்ணன்.

"நான் சேத்து வைக்கல. நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு பெரிய முட்டாளுங்கன்னு காட்டுனேன். அன்னைக்கு எழுந்து இடம் மாறி உக்காந்திருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பத்து எண்ணுறதுக்குள்ள ஆகும். ரெண்டு பேருக்கும் குண்டி நகரல. அம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டு கத்திச்சு, என் பிள்ளைய ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்னு. நீங்க கேட்டீங்களா? உங்க காதுதான் தங்கமாச்சே, கேட்டுதா?"

"நடந்தது நடந்துபோச்சு..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு நடந்துபோச்சு. எனக்கு நடந்துக்கிட்டே இருந்துச்சு." அக்காவின் குரல் உயரவில்லை. "நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சிருந்த வரைக்கும், அண்ணனுக்கு ரோஷம், இவருக்கு வீம்புன்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப ரெண்டு பேரும் நல்லவங்க, ரெண்டு பேருக்கும் நல்லாக் கேட்டிருக்குன்னு ஆகிப்போச்சு. அப்புறம் எங்கம்மா எதுக்குடா அப்படிச் செத்துச்சு?"

ஆம்ப்ளிஃபயரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போய் பிளக்கைப் பிடுங்கினார். "ஒரு வாரத்துல இந்த நாலு பெட்டியும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது. இருந்தா நானே பால்கனியிலிருந்து தள்ளுவேன். கீழ யார் நின்னாலும் சரி."

என்னை வழியனுப்பப் படி இறங்கும்போது அக்கா என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "எனக்கு என் மேலயும் ஆத்திரம்டி. பொழுது பூரா காது பாக்குறவ. அன்னைக்கு நான் ஒரு தடவ வந்து அந்த சோபாவுல உக்காந்து பாத்திருக்கணும். அவங்க கூப்பிடல, நானும் போகல."

பெட்டிகள் போயின. பின்னறையில் அக்கா ஒரு மேஜையும் ஒற்றைக் கட்டிலும் போட்டுக்கொண்டு தனியாகப் படுக்கிறார். வீட்டுக்காரரோடு பேச்சு, கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி மேஜைமேல், இந்த அளவில் நிற்கிறது. அவர் ஞாயிறானால் பட்டறைக்குப் போய்விடுகிறார். அண்ணனும் அவரும் முன்னைவிட ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

அண்ணன் பல முறை வந்து பார்த்தார். கதவு திறக்கவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கே வந்து, நோயாளி மாதிரி என்னிடம் டோக்கன் வாங்கினார். எனக்கு மறுக்க வழியில்லை. உள்ளே போனவரை அக்கா ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உக்காருங்க. ஹெட்போன் போட்டுக்கங்க" என்றாராம். பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட அண்ணனை! அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழற்றி ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அக்கா இரண்டு காதையும் முழுதாகச் சோதித்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, "ஒரு குறையும் இல்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்க" என்று நீட்டினார். அவர் வெளியே வந்து என் ஜன்னல் முன்னால் அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தார்.

நான் பாவம் பார்த்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். புதுப் பெட்டி முடிந்துவிட்டது, வந்து கேளம்மா என்று இருவரும் கூப்பிட்டபோது, ஒரு ஞாயிறு பட்டறைக்குப் போய்விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. சுவரில்லாத கொட்டகை என்பதால் பட்டறையில் எங்கே நின்றாலும் ஒரே அளவில், வயிற்றுக்குள் வந்து உட்கார்கிற அடிச்சத்தம். நாற்காலியே போடவில்லை அவர்கள். நடந்துகொண்டேதான் கேட்கிறார்கள்.

அக்காவுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. திங்கட்கிழமை வந்ததும் கேட்டார், "எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் காதைப் பற்றி அவரிடமா? "நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

"ஓ" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. ஃபைலை வார்டு பையன் கையில் கொடுத்தனுப்புவார். ஐந்தாம் மாதம் கூட்டம் அதிகமான ஒரு நாள், கதவை அரைவாசி திறந்து, "டோக்கன் இருபத்தொண்ண அனுப்பு" என்றார். நான் அனுப்பினேன். டிபன் பாக்ஸ் இன்னும் என் பக்கம் வரவில்லை. அவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிடுகிறார்.